துருவப் பயண வரலாற்றில் பூர்வகுடிகளின் சூழல் அறிவுக்கு உண்மையில் எவ்வளவு பங்கு உண்டு?

துருவப் பயணங்களின் வெற்றியில் பூர்வகுடிகளின் அறிவுக்குப் பெரும் பங்கு இருந்ததா, அல்லது அது பிற்காலத்தில் மிகைப்படுத்தப்பட்டதா என்பது கேள்வி. பங்கு மிகப் பெரியது என்பதே என் கருத்து. ஆனால் தோலாடை, நாய்வண்டி, பனிக்குடில் என்று சில உத்திகளாக அதைச் சுருக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. எந்தப் பருவத்தில், எந்த இடத்தில், எத்தனை பேர் பிழைக்க முடியும் என்ற கணக்கே அந்த அறிவின் மையம் என்று நான் கருதுகிறேன். கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் உள்ள கிங் வில்லியம் தீவு ஒன்றை வைத்தே இதை விளக்கிவிடலாம்.

அட்லாண்டிக்கிலிருந்து ஆர்க்டிக் வழியாகப் பசிபிக்கை அடையும் வடமேற்குக் கடல்வழியைத் தேடி, 1845இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி சர் ஜான் பிராங்க்ளின் தலைமையில் எரபஸ், டெரர் என்னும் இரு கப்பல்களில் சென்ற 129 பேரில் ஒருவரும் ஊர் திரும்பவில்லை. 1846 செப்டம்பரில் இத்தீவுக்கு வடமேற்கே கடற்பனியில் சிக்கிய கப்பல்களை 1848 ஏப்ரலில் கைவிட்டு, எஞ்சிய 105 பேர் படகுகளைச் சறுக்குவண்டிகளில் ஏற்றித் தாங்களே இழுத்தபடி தெற்கு நோக்கி நடந்தனர். அவர்கள் மடிந்த நிலப்பரப்பிலும் அதைச் சுற்றிலும் நெட்சிலிக் இனுயிட் மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவந்தனர். குளிர்காலத்தில் அம்மக்கள் கடற்பனியின் மீது கூடி, சீல்கள் மூச்சுவிட வரும் துளைகளை நாய்களின் மோப்பத்தைக் கொண்டு கண்டறிந்து, மணிக்கணக்கில் அசையாமல் காத்திருந்து வேட்டையாடுவர். கோடை வந்ததும் சிறு குடும்பக் குழுக்களாகப் பிரிந்து, ஆறுகளின் குறுக்கே கல்லணை கட்டி மீன் பிடிக்கவும் கரிபு மான்களைத் தேடவும் செல்வர். கூடுவதும் பிரிவதும் இரை கிடைக்கும் அளவைப் பொறுத்தே நடந்தன. இரை குறைந்த வடமேற்குக் கரைக்கு அவர்கள் அதிகம் செல்வதில்லை. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் கால் வைத்ததோ அந்தக் கரையில்தான்.

தீவின் தென்கரையில் நான்கு இனுயிட் குடும்பங்கள் இந்த வெள்ளையர்களைச் சந்தித்து, சீல் இறைச்சி சிறிது கொடுத்துவிட்டு மறுநாள் விலகிச் சென்றதாகப் பின்னர் சொல்லப்பட்டது. 1869இல் இத்தீவுக்கு வந்து அச்செய்தியைக் கேட்ட அமெரிக்கர் சார்ல்ஸ் பிரான்சிஸ் ஹால், பசித்தவர்களைக் கைவிட்டுவிட்டார்களே என்று சினம் கொண்டார். அந்தச் சினம் நியாயமற்றது என்றே நான் நினைக்கிறேன். பட்டினியில் தளர்ந்த ஒரு பெருங்கூட்டத்துக்குச் சோறு போட நான்கு குடும்பங்களின் வேட்டையால் இயலாது என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். இதே காரணத்தால், இனுயிட்டுகளைப் பின்பற்றியிருந்தால் பிராங்க்ளினின் ஆட்கள் பிழைத்திருப்பார்கள் என்று எளிதாகச் சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் ஒன்றாகச் செல்லும் பயணமே அந்நிலத்தின் கணக்குக்குப் புறம்பானது.

கனடாவில் மென்மயிர்த் தோல் வணிகம் செய்த ஹட்சன் விரிகுடா நிறுவனத்தின் மருத்துவரான ஜான் ரே இக்கணக்கைப் புரிந்துகொண்டவர். சிறு குழுவோடு சென்று, வழியிலேயே வேட்டையாடி உண்டார். சறுக்குவண்டியின் அடிச்சட்டங்களில் நீரைப் பூசி உறையவைத்து எளிதாக இழுக்கவும் இனுயிட்டுகளிடம் கற்றார். 1846–47 குளிர்காலத்தைக் கல்வீட்டில் நடுங்கிக் கழித்த அவர், 1853–54 குளிர்காலத்தில் பனிக்குடிலுக்கு மாறினார். அக்குடிலுக்கு எல்லாப் பனியும் உதவாது. காற்றால் இறுகிச் சீராகப் படிந்த பனியைக் குத்திப் பார்த்துத் தேர்ந்து, கத்தியால் கட்டிகளாக அறுத்து, சுருள் வடிவில் உள்நோக்கிச் சாய்த்து அடுக்க வேண்டும். படுக்கும் மேடை நுழைவாயிலைவிட உயரமாக இருப்பதால் குளிர்காற்று கீழேயே தங்கிவிடும். சீல் கொழுப்பு விளக்கின் வெப்பத்தில் உட்சுவர் சற்றே உருகி மீண்டும் உறைந்து உறுதிபெறும்.

நார்வேயைச் சேர்ந்த துருவப் பயணி ரோல் அமுண்ட்சென் 1903இல் இதே தீவுக்கு ஜோவா என்னும் சிறு கப்பலில் வந்தபோது, அவரையும் சேர்த்து ஏழு பேரே இருந்தனர். அங்கே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தங்கி, நெட்சிலிக் மக்களிடம் தோலாடை அணியவும் பனிக்குடில் கட்டவும் கற்றார். உள்ளாடையின் மயிர் உடலை நோக்கியும் மேலாடையின் மயிர் வெளிநோக்கியும் இருக்கும்படி தளர்வாக அணிவதால் வியர்வை தேங்காது என்ற பாடம், மனிதரே வாழ்ந்திராத அண்டார்க்டிகாவிலும் பயன்பட்டது. 1911 டிசம்பர் 14 அன்று அவர் தலைமையில் கிரீன்லாந்து நாய்களோடு தென்துருவத்தை அடைந்தவர்களும் ஐந்து பேர் மட்டுமே. அதே பருவத்தில் தென்துருவம் சென்று திரும்பும் வழியில் மாண்ட பிரிட்டிஷ் பயணி ராபர்ட் ஸ்காட்டோடு அவரை ஒப்பிடுவதுண்டு; ஸ்காட்டின் முடிவுக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால் அந்த ஒப்பீட்டை நீட்டிக்க விரும்பவில்லை.

அறிவைக் கடன் வாங்கியவர்கள் அம்மக்களின் சாட்சியத்தை நம்பினார்களா என்பது வேறு கேள்வி. பிராங்க்ளினின் ஆட்கள் பட்டினியால் மாண்டதையும் இறுதியில் மனித இறைச்சியை உண்டதையும் இனுயிட்டுகளிடம் கேட்டறிந்து, ரே 1854இல் பிரிட்டனுக்குத் தெரிவித்தார். ஆங்கில நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் தம் வார இதழில் அச்சாட்சியத்தை இழிவாகப் பேசி மறுத்தார். ஆனால் 1990களில் ஆராயப்பட்ட அந்த ஆட்களின் எலும்புகளில் கத்தியால் அறுத்த தடங்கள் தெரிந்தன. ஒரு கப்பல் தெற்கே அடிலெய்டு தீபகற்பத்துக்கு மேற்கில் மூழ்கியது என்று ஹால் பதிவுசெய்த வாய்மொழிச் செய்தியும் அவ்வாறே மெய்யானது: 2014இல் எரபஸ் அப்பகுதியில்தான் கண்டெடுக்கப்பட்டது. கடற்பனிக்கு மேலே ஒரு பாய்மரம் நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டதாக இத்தீவிலுள்ள ஜோவா ஹேவன் ஊரைச் சேர்ந்த இனுயிட் ஒருவர் சொன்ன குடாவில் 2016இல் டெரரும் கிடைத்தது.