பிளாக்டு அக்கவுண்டில் பணம் இருக்கிறது, முதல் மாதத்துக்கு?

கேள்வி: நாமக்கல்லில் ஆசிரியையாக இருக்கிறேன். என் மகளுக்கு ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அக்டோபரில் வகுப்பு தொடங்குகிறது. கல்விக் கட்டணம் இல்லை. செலவுக்காக வங்கியில் 20 லட்சம் கல்விக்கடன், வட்டி 10%. அதிலிருந்து 11,904 யூரோவை பிளாக்டு அக்கவுண்டில் போட்டுவிட்டோம். இந்தப் பணம் ஒரு வருடத்துக்குப் போதுமா? போனவுடன் பார்ட் டைம் வேலை பார்த்து கடன் வட்டியைத் தானே கட்டுவதாகச் சொல்கிறாள். நம்பலாமா?

பதில்: ஒரு வருடத்துக்குப் போதும் அம்மா. கெம்னிட்ஸ், மியூனிக் மாதிரி செலவு பிடிக்கும் ஊர் இல்லை. பிளாக்டு அக்கவுண்ட் என்பது மாதத்துக்கு இவ்வளவு என்று மட்டுமே பணம் எடுக்க விடும் கணக்கு. அதிலிருந்து மாதம் 992 யூரோ அவள் கைக்கு வரும். விடுதி அறைக்கு 300, அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு 150-ஐ ஒட்டி, சாப்பாட்டுக்கு 200 முதல் 250 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபோன், செமஸ்டர் கட்டணம் எல்லாம் போனாலும் கொஞ்சம் மிஞ்சும்.

எனக்குக் கவலை முதல் ஆறு வாரம்தான். பிளாக்டு அக்கவுண்டில் உள்ள பணம் விமானம் இறங்கியதும் கைக்கு வராது. அங்கே ஒரு வங்கிக் கணக்கு திறந்து, அதை இணைத்த பிறகுதான் மாதாமாதம் வரத் தொடங்கும். கணக்கு திறக்கப் பல இடங்களில் முகவரிப் பதிவுச் சான்று கேட்பார்கள். மாணவர்கள் 'ஆன்மெல்டுங்' என்று சொல்வது இதைத்தான். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரரின் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். இப்படி ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். செலவோ அதற்கெல்லாம் காத்திருக்காது. வாடகை முன்பணமாக மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கச் சட்டம் அனுமதிக்கிறது. முதல் மாத வாடகை, காப்பீடு, போர்வை, குளிர்கால ஜாக்கெட் என்று எல்லாம் ஒரே மாதத்தில் வந்து விழும்.

அதனால் 2,000 யூரோவைத் தனியாக ஒதுக்கி, பெரும்பகுதியை ஃபாரெக்ஸ் கார்டிலும் (வெளிநாட்டு நாணயத்தை முன்பே ஏற்றி வைக்கும் கார்டு) 300 யூரோ அளவுக்கு ரொக்கமாகவும் கொடுத்தனுப்புங்கள். பயணம், தங்கும் செலவு என்ற தலைப்பில் கல்விக்கடனிலிருந்தே இதை விடுவிக்க முடியுமா என்று மேலாளரிடம் கேளுங்கள். வங்கிக் கல்விக்கடன் பணத்தை அனுப்பினால் டிசிஎஸ் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிக்க மாட்டார்கள். சொந்தப் பணம் என்றால் நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டும் தொகைக்குப் பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

அறை விஷயத்தில் மிகவும் கண்டிப்பாக இருங்கள். அறையை யாராவது நேரில் பார்க்காமல், முன்பணம் அனுப்பினால்தான் சாவி என்று சொல்லும் யாருக்கும் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். பல்கலைக்கழக மாணவர் விடுதிக்கு இன்றே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். முகவரிப் பதிவுக்குக் கடிதம் தராத அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

காப்பீட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. மலிவான தனியார் பாலிசிக்காக அரசுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கிவிட்டால், அந்தப் படிப்பு முடியும் வரை திரும்பி வர முடியாது. மாதம் சில பத்து யூரோ மிச்சம் பார்க்கும் இடம் இதுவல்ல. அப்புறம், முகவரி பதிந்த சில வாரத்தில் வானொலிக் கட்டணக் கடிதம் வரும். பொது வானொலி, தொலைக்காட்சிக்காக அங்கே ஒவ்வொரு வீடும் கட்ட வேண்டிய கட்டணம் இது. ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. அறைத்தோழிகளோடு பகிரலாம், ஆனால் கடிதத்தைத் தூக்கிப் போடக் கூடாது.

இப்போது வட்டிக்கு வருவோம். முழுக் கடனும் எடுத்தால் மாதம் சுமார் 16,700 ரூபாய். யூரோ 100 ரூபாய் என்று தோராயமாகக் கொண்டால் 167 யூரோ. வேலை கிடைத்தால் கட்டக்கூடிய தொகைதான். ஆனால் முதல் செமஸ்டரில் அதை எதிர்பார்க்காதீர்கள். வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்ய அனுமதி உண்டு, ஆனால் ஜெர்மன் மொழி தெரியாமல் கடை, உணவக வேலை கிடைப்பது சிரமம். பல்கலைக்கழகத்திலேயே கிடைக்கும் உதவியாளர் வேலை இந்த நாள் கணக்கில் சேராது, படிப்புக்கும் பொருந்தும். அதற்கு முதல் செமஸ்டர் மதிப்பெண்தான் சிபாரிசு. பிள்ளை பொறுப்பாகப் பேசுகிறாள், எனக்கு மனம் நிறைகிறது. அந்தப் பொறுப்பை முதல் ஆறு மாதம் படிப்பிலும் மொழியிலும் காட்டட்டும்.

முதல் வருட வட்டியை நீங்கள் கட்டுங்கள், அசலோடு சேர விடாதீர்கள். மொத்தக் கடனையும் ஒரேயடியாக எடுக்க வேண்டாம். எடுத்த தொகைக்குத்தான் வட்டி ஓடும். மீதியைத் தொடாமல் வைத்திருக்க இன்னொரு காரணமும் உண்டு. குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது அடுத்த காலத்துக்கும் பணம் இருப்பதை மறுபடி காட்டச் சொல்வார்கள். முதல் வருடத்திலேயே கடன் முழுவதையும் செலவழித்துவிட்டு அந்த நேரத்தில் அலைமோதும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் வருடத் தொகை எந்த மாதத்தில், என்ன ஆவணம் கொடுத்தால் விடுவிப்பார்கள் என்பதை அவள் கிளம்பும் முன்பே வங்கியிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.