கயிற்று இழையில் கார்பன் நானோகுழாய் கலந்தால் வலு கூடுமா?

சேலத்தில் பாலிப்ரொப்பிலீன் (சுருக்கமாக பிபி) பிளாஸ்டிக்கில் மோனோஃபிலமென்ட் என்னும் ஒற்றை இழை ஓட்டி, லாரித் தார்ப்பாய்க் கயிறு திரிக்கும் சிறுதொழில் முனைவோர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “கார்பன் நானோகுழாய்ப் பொடியை ஒரு சதவீதம் கலந்தால் கெவ்லாருக்கு நிகரான வலு வரும் என்று பொடி விற்பவர் சொன்னார். ஹாப்பரில் குருணையோடு கலந்து ஓட்டினோம். ஃபில்டர் வலை அடிக்கடி அடைக்கிறது, இழுவையில் இழை முன்பைவிட அதிகம் அறுகிறது. என்ன செய்யலாம்?”

முதலில், குண்டு துளைக்காத உடைகளில் பயன்படும் மிக வலுவான செயற்கை இழையான கெவ்லார் பற்றிய பேச்சை ஒரு கணக்குப் போட்டுத் தீர்த்துவிடுவோம். கார்பன் அணுக்களாலான, கண்ணுக்குத் தெரியாத நுண்குழாயே நானோகுழாய். அதன் அடர்த்தி பிபியைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு என்பதால், எடையில் ஒரு சதவீதம் சேர்த்தால் கன அளவில் அரை சதவீதம்தான் சேரும். ஒற்றைக் குழாயின் இழுவலு 50 ஜிகாபாஸ்கல் (குறுக்குவெட்டுப் பரப்புக்கு எவ்வளவு விசை தாங்கும் என்பதன் அலகு) என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், எல்லாக் குழாய்களும் நேராக நின்று முழுப் பாரத்தையும் தாங்கினால் கூடுவது 0.25 ஜிகாபாஸ்கல். டெனியருக்கு (9,000 மீட்டர் இழையின் கிராம் எடையே டெனியர்) ஆறு கிராம் தாங்கும் நல்ல பிபி இழையின் வலு 0.5 ஜிகாபாஸ்கலை ஒட்டியது. கெவ்லாரோ மூன்றுக்கு மேல். ஒரு குறையும் நேராவிட்டால்கூட நீங்கள் அதன் அருகில் போக முடியாது.

டூபான்ட் ஆய்வாளர் ஸ்டெஃபனி குவோலெக் 1965இல் கண்டறிந்த கெவ்லார் இழை தன் வலுவை எந்தப் பொடியிடமிருந்தும் பெறவில்லை. விறைப்பான மூலக்கூறுச் சங்கிலிகள் இழையின் நீளவாக்கில் ஒழுங்காக அணிவகுத்து நிற்பதே அதற்குக் காரணம். வாளியும் குடமும் செய்கிற அதே பாலிஎத்திலீனை, மிக நீண்ட சங்கிலிகளாக எடுத்து, கூழ்நிலையில் நூற்றுப் பல மடங்கு இழுத்தால் டைனீமா போன்ற மிக வலுவான இழை கிடைப்பதும் இதனால்தான். ஆகவே உங்கள் பட்டறையில் வலுவைத் தேட வேண்டிய முதல் இடம் இழுவை விகிதமும் (இழையை எத்தனை மடங்கு நீட்டுகிறீர்கள் என்பது) இழுவை அடுப்பின் வெப்பநிலையும்தான்.

இனி, இழை ஏன் அறுகிறது என்பதைப் பார்ப்போம். நானோகுழாய்கள் ஒன்றையொன்று ஈர்த்துச் சிக்குண்ட கட்டிகளாகவே பொடியில் இருக்கும். உங்கள் ஒற்றைத் திருகு எக்ஸ்ட்ரூடர் குருணையை உருக்கித் தள்ளுமே தவிர, அக்கட்டிகளைப் பிரித்தெடுக்கும் அளவுக்குப் பிசையாது. 0.3 மில்லிமீட்டர் இழையில் 0.1 மில்லிமீட்டர் கட்டி ஒன்று வந்து உட்கார்ந்தால், அந்த இடத்தில் குறுக்குவெட்டுப் பரப்பின் ஒன்பதில் ஒரு பங்கு வீணாகிறது. போதாக்குறைக்கு, இழுக்கும்போது விசை அதன் விளிம்பில் குவிந்து அங்கிருந்தே அறுபடுகிறது. இதை நீங்களே பார்க்கலாம். கலவையில் சிறிது எடுத்துச் சூடான இரு தகடுகளுக்கிடையே மெல்லிய தாளாக அழுத்தி, வெளிச்சத்துக்கு நேரே பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஒரே சீரான சாம்பல் நிறமாகத் தெரிந்தால் நல்லது. மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தெரிந்தால் அந்தக் கலவையை நூற்கவே வேண்டாம்.

கட்டி பிரிந்தாலும் குழாய்கள் பிபியோடு ஒட்ட வேண்டும். பிபி பிற பொருள்களோடு எளிதில் ஒட்டாது என்பதால், ஒட்டுவதற்கு உதவும் மெலிக் அன்ஹைட்ரைடு என்னும் வேதிப்பொருள் ஏற்றிய பிபியை இடையில் சேர்ப்பது வழக்கம். மேலும், நானோகுழாய் பிபியை விரைவில் படிகமாக்கும். எனவே பழைய அடுப்பு வெப்பநிலையில் இழை ஒரே மாதிரி இழுபடாது, புதிதாகச் சரிசெய்தே ஆக வேண்டும்.

முறையாகச் செய்தால் பலன் உண்டு என்பதற்கு 2002இல் சதீஷ் குமார் குழுவினர் வெளியிட்ட ஆய்வு சான்று. பிபிஓ என்னும் (பிபி அல்ல, வேறொரு பாலிமர்) உயர்திறன் இழையில் பத்து சதவீத ஒற்றைச்சுவர் நானோகுழாய் சேர்த்தபோது வலு ஏறத்தாழ ஐம்பது சதவீதம் கூடியது. ஆனால் அங்கே குழாய்கள் பாலிமர் உருவாகும்போதே உள்ளே சேர்க்கப்பட்டன, ஹாப்பரில் கொட்டப்படவில்லை.

பொடியைத் திறந்து கையாளுவதை இன்றே நிறுத்துங்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். பல்சுவர் நானோகுழாய்களில் ஒரு வகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2014இல் சேர்த்தது. ஹாப்பரில் கொட்டும் தொழிலாளியின் துணி முகமூடி இதற்குப் போதாது. இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடரில் முன்கூட்டியே கலந்த மாஸ்டர்பேட்ச் குருணையாக வாங்கினால் தூசியும் பறக்காது, கட்டியும் குறையும். கால் சதவீதத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டு சதவீதத்துக்கு மேல் போக வேண்டிய தேவையே இல்லை.

தார்ப்பாய்க் கயிறு பெரும்பாலும் வெயிலாலும் உராய்வாலும்தான் நைந்துபோகிறது. சங்ககிரி லாரிக்கோ ஏற்காட்டு எஸ்டேட்டுக்கோ போகும் கயிறு ஆண்டு முழுவதும் வெயிலில் கிடப்பது. அதற்கு, விலை மிகக் குறைந்த சாதாரணக் கார்பன் பிளாக் மாஸ்டர்பேட்சோ புற ஊதாத் தடுப்பானோ தரும் ஆயுளை நானோகுழாயிடம் எதிர்பார்த்துப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

அப்படியும் சோதிக்க விரும்பினால், ஒரே லாட் குருணையில், ஒரே இழுவை விகிதத்தில், கலந்ததும் கலக்காததுமாக இரு மாதிரிகள் எடுத்துக் கோவையிலுள்ள சிட்ரா ஜவுளி ஆய்வு நிறுவனத்தில் டெனியருக்கு எத்தனை கிராம் என்று அளந்து ஒப்பிடுங்கள். சராசரியோடு, மிகக் குறைந்த அளவையும் கேட்டு வாங்குங்கள். கயிறு அங்கிருந்துதான் அறும்.