நினைவு திரும்புதல்

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

நான் களுவாஞ்சிக்குடியில் இருந்து மட்டக்களப்பு நகருக்கு நாள்தோறும் பஸ்ஸில் சென்று வரும் ஆசிரியை. பாடசாலைக் குழு, பெற்றோர் குழு, உறவினர் குழு என்று கைபேசி ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. வீட்டில் சமையல், மாமியின் மருந்து, கோயில் ஒலிபெருக்கி. மனம் அமைதியாக வேண்டும் என்று, கைபேசியிலேயே ஒரு செயலியை இறக்கிக் கண்ணை மூடித் தியானம் செய்து பார்த்தேன். இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. சில நாட்களில் பழைய நினைவுகள் வந்து நெஞ்சு படபடத்தது. போன கிழமை என் எட்டு வயது மகள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, "அம்மா, நான் இப்ப என்ன சொன்னன்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அமைதி என்பது வீடும் வேலையும் இல்லாதவர்களுக்கு மட்டும் உரியதா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளின் கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்று மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அந்த நேர்மைக்கு நன்றி. என்னால் இயன்ற அளவு நேராகவே மறுமொழி எழுதுகிறேன்.

இரைச்சல் நின்றால் அமைதி வரும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். அது அப்படியல்ல என்பதை நான் மருதமுனையில் ஒரு நண்பனின் வீட்டுத் தறிக்கொட்டிலில், படிக்கிற வயதில் கண்டேன். அங்கே இல்லாத சத்தம் இல்லை. தறியின் சத்தத்தோடு வானொலி, பிள்ளைகளின் சண்டை, வாசலில் வியாபாரியின் குரல், நேரத்துக்கு நேரம் பள்ளிவாசலின் பாங்கு ஆகிய அனைத்தும் சேர்ந்து ஒலிக்க, நண்பனின் தந்தையார் சாரம் நெய்துகொண்டிருப்பார். குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா இப்புறமும் அப்புறமும் ஓடும். இடையில் நீளவாக்கில் கட்டிய பாவு இழை ஒன்று அறும். அவர் தறியை நிறுத்தி, அறுந்த முனைகளைத் தேடி எடுத்து, விரல்களுக்கிடையில் முடிந்து, விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்குவார். ஒரு முற்பகலில் அது எத்தனையோ தடவை நடந்தது. ஒரு தடவையேனும் அவர் நூலைத் திட்டியதையோ தன்னை நொந்துகொண்டதையோ நான் பார்க்கவில்லை. நெசவுக்கு இழை அறுவதும் உரியது, முடிவதும் உரியது என்பது அவர் கைகளுக்குத் தெரிந்திருந்தது. இத்தனை ஆண்டுகளில் நான் கண்ட அமைதியான மனிதர்களுள் அவர் ஒருவர், அவர் இருந்ததோ அந்த இரைச்சலின் நடுவில்.

நீங்கள் தியானத்தில் தோற்றுவிட்டதாக எண்ணுகிறீர்கள். இரண்டு நிமிடத்தில் மனம் ஓடியது தோல்வியல்ல, அது மனத்தின் இயல்பு. 2010ஆம் ஆண்டில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்னும் இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பேரிடம், அவர்களுடைய கைபேசி வழியாகவே, நாளின் எதிர்பாராத நேரங்களில், இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் செய்கிற வேலையில் இருக்கிறதா வேறெங்கும் இருக்கிறதா என்று கேட்டு விடைகளைத் திரட்டினார்கள். ஏறக்குறைய 47 சதவீதமான வேளைகளில் மனம் வேறெங்கோ இருந்தது. மனம் விலகியிருந்த வேளைகளில் அவர்களின் மகிழ்ச்சியும் குறைந்திருந்தது. கைபேசியை மட்டும் குற்றம் சொல்வோருக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது: அது ஒலிக்காத வேளையிலும் மனம் வேறெங்கோ போய்விடுகிறது.

ஓடிய மனத்தை இருக்கும் கணத்துக்குத் திருப்பும், இன்று உலகெங்கும் பரவியிருக்கும் இந்தத் தியானப் பயிற்சியை, ஜோன் கபட்-சின் என்பவர் 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், தீராத நோவோடு வாழ்ந்த நோயாளருக்காக ஒரு பாடமாக அமைத்தார். அதன் வேர் பௌத்தம். பாளி மொழியில் அதற்குச் சொல்லும் 'சதி' என்ற சொல்லின் மூலப்பொருள் நினைவு என்பதே. நம் தமிழிலும் மயங்கி விழுந்தவரைப் பற்றி "நினைவு தப்பிவிட்டது" என்கிறோம். முகத்தில் தண்ணீர் தெளித்த பின் "நினைவு திரும்பிவிட்டது" என்கிறோம். மயக்கம் தெளிந்தவரைப் பார்த்து, ஏன் மயங்கினாய் என்று யாரும் அடிப்பதில்லை. உங்கள் மனம் ஓடியதை நீங்கள் கண்டுகொண்ட அந்தக் கணமே நினைவு திரும்பிய கணம். பயிற்சி என்பது அதுதான். ஓடிய தடவைகளை எண்ணாதீர்கள். திரும்பிய தடவைகளை எண்ணுங்கள்.

நெஞ்சு படபடத்தது என்று எழுதியதை நான் இலேசாகக் கடந்து போக மாட்டேன். நம்முடைய மாவட்டங்களில் அமைதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை மறக்கலாகாது. போர்க் காலத்தில், இரவில் வாகனச் சத்தம் கேட்டால் எந்த வீட்டு வாசலில் நிற்கிறது என்று காது கொடுத்துப் படுத்திருந்த தலைமுறை நாம். 2004 டிசம்பர் 26 காலையில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கடல் ஊருக்குள் வந்தது. 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு நகரில் தேவாலய வளாகத்திலேயே குண்டு வெடித்தது. கைபேசி ஒலித்ததும் நம் கை தாவுவதை நான் வெறும் பழக்கமென்று சொல்லத் துணியமாட்டேன். அதற்குள் யாருக்கு என்னவோ என்ற அச்சமும் இருக்கிறது. இப்படிப்பட்ட மனத்தைத் திடீரென்று கண்ணை மூடி உள்ளே பார்க்கச் சொன்னால், அடக்கி வைத்திருந்தவை மேலே வருவது அறியப்பட்ட ஒன்றே. ஆகவே கண்ணை மூடாதீர்கள். திறந்த கண்ணோடு, பாதம் நிலத்தில் படுவதை அறிவதும் கையில் இருக்கும் வேலையை அறிவதும் போதும். படபடப்பு தொடர்ந்தால், உறக்கம் கெட்டால், மனநல மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். காய்ச்சலுக்கு மருந்து எடுப்பதில் வெட்கம் இல்லாதது போல இதிலும் வெட்கம் வேண்டாம்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். உங்கள் நாளில் புதிதாக அரை மணி நேரத்தைத் தேடச் சொல்லமாட்டேன். அப்படி ஒரு அரை மணி நேரம் உங்களிடம் இல்லை. இருக்கிற வேலைக்குள்ளேயே இடம் பாருங்கள். அரிசி களையும்போது தண்ணீரின் குளிர்ச்சி கையில் படுவதை அறியலாம். பஸ்ஸில் ஆரையம்பதி, காத்தான்குடி என்று எவ்வளவு தூரமும் கைபேசியைப் பாருங்கள். கல்லடிப் பாலத்தில் ஏறியதும் அதைப் பைக்குள் வைத்துவிட்டு, வாவியைக் கடக்கும்வரை வாவியை மட்டும் பாருங்கள். தோணி நிற்கலாம், வெறும் வெயில் மட்டும் இருக்கலாம், எதுவானாலும் சரி. இடையில் பாடத்திட்டம் நினைவுக்கு வரும். வந்தது தெரிந்ததும் மறுபடி தண்ணீரைப் பாருங்கள். ஒரு பாலத்தின் நீளம், நாளுக்கு இரண்டு தடவை: தொடக்கத்துக்கு அது தாராளம்.

கைபேசியைப் பொறுத்தவரை, முழுதாக அணைத்து வைக்கும் அறிவுரையை உங்களுக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாமியின் உடல்நிலை அப்படி. குழுச் செய்திகளின் ஒலியை நிறுத்திவிட்டு, வீட்டாரின் அழைப்பு ஒலியை மட்டும் விட்டுவையுங்கள். எது அவசரம் என்பதைக் காது முதலிலேயே பிரித்து அறிந்துகொண்டால், கை தாவுவது தானாகவே குறையும்.

மகளின் கேள்விக்கு மட்டும் ஒரு பதில் இப்போதே சொல்லலாம் என்று எண்ணுகிறேன். கேட்டது போலப் பாசாங்கு செய்யாதீர்கள், பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். குற்ற உணர்வில் நெடுநேரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டும் இருக்க வேண்டாம், அதுவும் அவளை விட்டு விலகுவதே. கைவேலையை வைத்துவிட்டு, அவள் கண்ணுக்கு நேரே குனிந்து, "அம்மாவுக்கு விளங்கல்ல மகள், இன்னொருக்கா சொல்லுங்க" என்று கேளுங்கள். பிறகு அவள் சொல்லி முடிக்கும்வரை அங்கேயே இருங்கள்.

அன்புடன்.