உருமறைப்புப் பிஸ்டல் – கடிதம்

அன்புள்ள சார்,

என்னுடன் வேலை பார்ப்பவர் புதிதாக ஒரு பிஸ்டல் வாங்கியிருக்கிறார். ஸ்பெஷல் எடிஷனாம். பச்சையும் பழுப்புமாக ராணுவச் சீருடை நிறம் பூசி, போரில் காயம்பட்டு மாற்றுத்திறனாளிகளான முன்னாள் வீரர்களோடு சேர்ந்து தயாரித்தது என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. அவர் பெருமையாகக் காட்டினார், எனக்கு ஏனோ நெருடியது. திருச்சியிலிருந்து வந்து பதினோரு வருடமாகியும் இந்த ஊர்த் துப்பாக்கிப் பழக்கம் எனக்குப் பிடிபடவில்லை, அதனால்தான் இந்த நெருடலா? இல்லை, உண்மையிலேயே இதில் ஏதாவது தப்பு இருக்கிறதா?

எஸ்., டெக்சஸ்

அன்புள்ள எஸ்.,

நெருடியது சரிதான். ஆனால் வீரர்கள் அதில் கை வைத்தது தப்பில்லை. அந்த வேலையை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் சான் அன்டோனியோவில் அக்கா வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் முன்னாள் ராணுவ வீரர், இடது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். கை கால் இழந்த வீரர்களுக்காக 2007-ல் அந்த ஊர் ராணுவ மருத்துவமனை வளாகத்தில் திறந்த மையத்தில்தான் மறுபடி நடக்கப் பழகினார். வீட்டுக் கார் ஷெட்டில் துப்பாக்கிகளுக்கு செராகோட் என்ற பீங்கான் கலந்த வண்ணப்பூச்சு பூசுவது அவர் தொழில். பாகம் பாகமாகக் கழற்றி, அசிட்டோனில் எண்ணெய்ப் பசை போகக் கழுவி, பொடிமணலை வேகமாக அடித்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவார். அதன்பிறகு வெறும் விரல் பட்டால் போச்சு, விரலின் எண்ணெய் பட்ட இடத்தில் பூச்சு பிடிக்காது. முதலில் இருப்பதிலேயே வெளிறிய நிறம், கொஞ்சம் சூடு, மேலே வினைல் ஸ்டென்சில் துண்டுகள், அடுத்த நிறம், மறுபடி துண்டுகள், கடைசியில் அடர்நிறம். எல்லாம் முடிந்ததும் ஊசிமுனையால் ஒவ்வொரு துண்டாக உரித்தால் அடியில் ஒளிந்திருந்த நிறங்களெல்லாம் வெளியே வரும். அப்புறம் சுமார் 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மணிநேரம் அடுப்பில். உரிக்கிற நேரத்தில் மட்டும் அவர் யாரோடும் பேசமாட்டார். இல்லாத காலில் வலி வரும் என்பார், அந்த ஒரு மணிநேரம் அது வருவதில்லையாம். இந்த வேலையை யாராவது குறைத்துப் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

ஆகவே பெட்டியில் 'சேர்ந்து தயாரித்தது' என்று போட்டிருந்தால் முதலில் கேட்க வேண்டியது, யாருடைய கை அதில் பட்டது என்பதுதான். அமெரிக்க அரசின் கணக்கில் ஒரு சிறுநிறுவனம் மாற்றுத்திறனாளி முன்னாள் வீரருடையது என்று சான்று பெற வேண்டுமானால் குறைந்தது 51 சதவீதம் அவர் கையில் இருக்க வேண்டும், நிர்வாகமும் அவரிடம் இருக்க வேண்டும். 'விற்பனையில் ஒரு பகுதி வீரர்களுக்கு' என்று மட்டும் போட்டு எத்தனை டாலர் என்று சொல்லவில்லையா, அங்கே நான் நம்பமாட்டேன். 1922-ல் லண்டனில் ஒரு சின்னப் பட்டறையில் முதல் உலகப்போரில் ஊனமுற்றவர்கள் நினைவுநாளுக்காகச் சிவப்பு பாப்பிப் பூ செய்யத் தொடங்கினார்கள். ஒரு கையை இழந்தவரும் மிச்சமிருக்கும் கையாலேயே பூவைக் கோத்துவிடலாம், அப்படித்தான் அதை வடிவமைத்தார்கள். சேர்ந்து செய்வது என்றால் எனக்கு அதுதான்.

நிறத்தைப் பற்றி ஒன்று. 1985-ல் அமெரிக்கத் தரைப்படை எடுத்துக்கொண்ட எம்9 பிஸ்டல் கறுப்பு, 2017-ல் தேர்ந்தெடுத்த எம்17 வெறும் பழுப்பு. உங்கள் நண்பர் பிஸ்டலில் இருக்கிற உருமறைப்பு வண்ணம் வீரனின் சட்டையிலிருந்து வந்தது. சட்டையை மதிக்கிறவர்கள்தான் அதை வாங்குகிறார்கள், அந்த மதிப்பு உண்மையானது என்றே நினைக்கிறேன்.

எனக்கு நெருடுகிற இடம் வேறு. அமெரிக்காவில் 2021-ல் மட்டும் தற்கொலை செய்துகொண்ட முன்னாள் வீரர்கள் 6,392 பேர். அதில் 100-க்கு 72 பேர் துப்பாக்கியால். முன்னாள் வீரர்களுக்கான அந்நாட்டு அரசுத் துறையே கொடுத்த கணக்கு இது. மற்ற வழிகளில் முயன்றவர்களில் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள், துப்பாக்கியில் அந்த வாய்ப்பே அநேகமாகக் கிடையாது. மனம் உடைந்த அந்தப் பத்து நிமிடம் கடந்துவிட்டால் ஆள் மிஞ்சலாம், ஆனால் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிற பொருள் அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்காது. யாருடைய காயத்துக்கு மரியாதை என்று அதை விற்கிறார்களோ, அவர்களையே அதிகம் கொண்டுபோகிற பொருள் அது. காயம்பட்டவனுக்கு மரியாதை செய்ய எனக்குத் தோன்றுகிற கடைசிப் பொருள் அதுதான்.

உங்கள் நண்பரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பூட்டி வைத்திருக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள். அவருக்குத் தெரிந்த முன்னாள் வீரர் யாராவது இருந்தால், அந்த அரசுத் துறை துப்பாக்கிப் பூட்டை இலவசமாகவே தருகிறது என்றும், 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழைத்து 1-ஐ அழுத்தினால் இரவு எந்நேரமும் பேச ஆள் இருக்கிறது என்றும் சொல்லிவையுங்கள்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் வேலைக்கு வருகிற துப்பாக்கிகளை ஒருநாளும் இரவு வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. கடைக்காரர் காலையில் கொண்டுவருவார், சாயங்காலம் எடுத்துப்போவார். அவருடைய சொந்தத் துப்பாக்கிகள் இரண்டும் மைத்துனர் வீட்டு அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன, சாவியும் மைத்துனரிடம்தான். அவரோடு ஒரே படைப்பிரிவில் இருந்த நண்பர் இறந்த மாதத்தில் அவராகவே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாராம்.