ஆர்டர் கொடுத்தோம், ஆர்டர் எடுத்தோம் – கடிதமும் பதிலும்

வணக்கங்க ஐயா,

நான் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது பையர்கள் என்கிற வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் ஆர்டர்களைக் கவனிக்கிற வேலையில் இருக்கிறேன். காங்கயம் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்தவள். ஆங்கில இலக்கணம் ஓரளவு வரும், டென்ஸ் தப்பாது. ஆனால் பையருக்கு மெயில் எழுத உட்கார்ந்தால் வினைச்சொல்லில்தான் தடுக்கிவிடுகிறது. போன மாதம் பெட்டிகளில் ஷிப்பிங் மார்க் தவறாகப் போய்விட்டது. ‘வீ டிட் எ மிஸ்டேக்’ என்று எழுதினேன். எங்கள் சீனியர் அதை எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்டி, ‘மேட்’ என்று வரவேண்டும், இதுகூடத் தெரியாதா என்றார். ஏன் என்று கேட்டேன். அதெல்லாம் அப்படித்தான் என்று போய்விட்டார். தப்புப் பண்ணினோம் என்றால் ‘டூ’ தானுங்களே? இதற்கு விதி ஏதாவது இருக்கிறதா, இல்லை அந்த ஊரில் பிறந்தால்தான் வருமா? இன்னொன்று, ‘ரைட் தி எக்ஸாம்’ என்பதும் தப்பு என்கிறான் என் தம்பி. அவன் வெளிநாட்டுப் படிப்புக்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதப்போகிறான். அவன் சொல்வது சரிதானுங்களா?

பெயர் போட வேண்டாங்க.

ஒரு வாசகி, திருப்பூர்

*

அன்புள்ள அம்மணிக்கு,

உங்கள் சீனியர் திருத்தியது சரி. திருத்திய விதம் சரியில்லை. ஏன் என்று கேட்டவரை ‘அப்படித்தான்’ என்று அனுப்பிவிட்டது அதைவிடச் சரியில்லை. நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. மொழியறிஞர்கள் பல வருடம் மெனக்கெட்ட கேள்வி.

ஆங்கிலத்துக்குப் போகும் முன் நம் ஊர்ச் சீட்டைப் பாருங்கள். சீட்டில் சேர்ந்தால் ‘சீட்டுப் போட்டிருக்கிறேன்’ என்கிறோம். மாதாமாதம் பணம் ‘கட்டுகிறோம்’. நடத்துகிறவர் சீட்டுப் ‘பிடிக்கிறார்’. அவசரச் செலவு வந்தால் ஏலத்தில் தள்ளி ‘எடுக்கிறோம்’. கோயில் திருவிழாவில் யாருக்கு முறை என்று பார்க்கச் சீட்டுக் ‘குலுக்குகிறோம்’. திண்ணையில் சீட்டு ‘ஆடுகிறார்கள்’. வேலையை விட்டு அனுப்பினால் சீட்டுக் ‘கிழிந்தது’. வெளிநாட்டுக்காரர் ஒருவர் தமிழ் கற்றுக்கொண்டு வந்து, ‘நான் மூன்று சீட்டுச் செய்தேன்’ என்றால் இலக்கணப்படி குற்றமே சொல்ல முடியாது. ஆனால் அவர் சேர்ந்தாரா, கட்டினாரா, எடுத்தாரா என்று நமக்குப் புரியாது. ‘செய்தேன் என்று ஏன் சொல்லக்கூடாது?’ என்று அவர் கேட்டால் நாமும் உங்கள் சீனியர் சொன்ன பதிலைத்தான் சொல்வோம்.

ஆங்கிலத்திலும் பெயர்ச்சொல் தனக்கான வினையைத் தானே வைத்திருக்கிறது. மிஸ்டேக் என்றால் மேக், ஹோம்வொர்க் என்றால் டூ, அட்டென்ஷன் என்றால் பே, ரிஸ்க் என்றால் டேக். ‘டேக் எ லுக்’ என்னும்போது யாரும் எதையும் எடுப்பதில்லை. பொருளெல்லாம் பெயர்ச்சொல்லில் இருக்கிறது, வினை அதற்குத் துணைக்கு நிற்கிறது. இந்தச் சேர்க்கைக்குக் கலோகேஷன் என்று பெயர். ஹெரால்ட் பாமர் என்ற ஆங்கிலேயர் ஜப்பானில் ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்தவர். இப்படிப்பட்ட சேர்க்கைகளைத் திரட்டி 1933இல் டோக்கியோவில் தனி அறிக்கையாகவே வெளியிட்டார். ஒரு சொல்லை அதன் சகவாசத்தை வைத்துத்தான் அறியமுடியும் என்று 1957இல் எழுதினார் ஜே. ஆர். ஃபர்த் என்ற ஆங்கிலேய மொழியறிஞர். அவர் 1919 முதல் 1928 வரை லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். நம்மவர்கள் பேசும் ஆங்கிலம் அவர் காதிலும் விழுந்திருக்கும்.

சரி, உங்களுக்கு ஏன் ‘டிட்’ வந்தது? தமிழில் ‘பண்ணு’ என்ற ஒரே சொல் எல்லா வேலையும் பார்க்கிறது. தப்புப் பண்ணு, உதவி பண்ணு, கல்யாணம் பண்ணு, செக் பண்ணு, பேக் பண்ணு. ஆங்கிலத்தில் அந்த வேலையை டூவும் மேக்கும் பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன. நமக்கு மட்டும் உள்ள தொந்தரவு இல்லை இது. பிரெஞ்சுக்காரர்களின் ‘ஃபேர்’, ஸ்பானியர்களின் ‘அசேர்’ இரண்டும் நம் ‘பண்ணு’ மாதிரியே டூவுக்கும் மேக்குக்கும் பொது. ஜெர்மானியர்கள் போட்டோவை ‘டேக்’ பண்ணாமல் ‘மேக்’ பண்ணுவார்கள், ஏனென்றால் அவர்கள் மொழியில் அப்படித்தான். உங்கள் பையர்களில் பாதிப் பேர் ஐரோப்பாக்காரர்களாக இருந்தால், அவர்களும் இதே இடத்தில் தடுக்கியவர்கள்தான். கூசவேண்டிய விஷயமே இல்லை.

விதி கேட்டீர்கள். அரை விதி ஒன்று உண்டு. செய்து முடித்தபின் ஏதோ ஒன்று புதிதாக மிஞ்சினால் மேக், செய்கிற வேலையே முக்கியம் என்றால் டூ. பிசினஸை ‘டூ’ பண்ணுகிறோம், அதிலிருந்து வரும் ப்ராஃபிட்டை ‘மேக்’ பண்ணுகிறோம். மிஸ்டேக்கும் அப்படித்தான், அது நாம் உண்டாக்கி வைத்துவிட்டுப் போகிற ஒன்று. ஆனால் படுக்கை விரிப்பைச் சரிசெய்வதற்கும் ‘மேக் தி பெட்’ என்கிறார்கள், அங்கே புதிதாக எந்தக் கட்டிலும் வரவில்லை. அதனால் இந்த விதியை முழுதாக நம்பவேண்டாம்.

டூவைவிட எனக்கு ‘போடு’ மேல்தான் பயம் அதிகம். லீவு போட்டேன் என்பதை ‘புட் லீவ்’ என்று எழுதுகிற ஆட்கள் கோவையிலும் ஈரோட்டிலும் எத்தனையோ பேர். அங்கே ‘டேக்’ வரவேண்டும். மீட்டிங் போட்டால் ‘ஹோல்ட்’, கேஸ் போட்டால் ‘ஃபைல்’, சண்டை போட்டால் ‘ஹேவ்’. கையெழுத்துப் போடுவதற்கு ‘சைன்’ என்ற ஒரு சொல்லே போதும். உடம்பில் வெயிட் போடுவது மட்டும் நம்மோடு ஒத்துப்போகிறது, அதிலும் ‘புட்’டுக்குப் பின்னால் ஓர் ‘ஆன்’ வேண்டும். இதே மாதிரி, கம்ப்ளெயின்ட்டை நாம் கொடுக்கிறோம், அவர்கள் ‘மேக்’ பண்ணுகிறார்கள்.

இதுவரை சொன்னதில் தப்பினாலும் பொருள் கெடாது. படிக்கிறவருக்குப் புரிந்துவிடும், சற்று உறுத்தும், அவ்வளவுதான். பொருளே மாறுகிற ஓர் இடம் உங்கள் தொழிலில் இருக்கிறது. அது ஆர்டர். சாயப்பட்டறைக்கு ஆர்டர் கொடுத்தோம் என்பதை ‘வீ கேவ் ஆன் ஆர்டர் டு தி டையிங் யூனிட்’ என்று எழுதினால், அதிகாரி கட்டளையிட்ட மாதிரி இருக்கும். ‘கிவ்’ சேர்ந்தால் ஆர்டர் என்பது பெரும்பாலும் உத்தரவுதான். சரக்குக்கான ஆர்டர் என்றால் ‘ப்ளேஸ்’, பின்னால் ‘டு’ அல்ல, ‘வித்’. மறுபக்கம், பையரிடம் ஆர்டர் எடுத்தோம் என்பதை ‘வீ டேக் ஆர்டர்ஸ் ஃப்ரம் யூ’ என்று எழுதினால், நீங்கள் சொன்னபடி கேட்டு நடக்கிறோம் என்றுதான் முதலில் தோன்றும். ஓட்டலில் சர்வர் ஆர்டர் ‘டேக்’ பண்ணலாம், அது வேறு. உங்கள் மெயிலில் ‘ரிசீவ்’ போடுங்கள். ஒரே பெயர்ச்சொல், பக்கத்தில் எந்த வினை நிற்கிறதோ அதைப் பொறுத்து ஒரு கம்பெனி வாடிக்கையாளராகிறது, அல்லது அதிகாரியாகிறது, அல்லது வேலையாளாகிறது. வினையைக் கவனித்துப் போடுங்கள் என்று நான் இத்தனை வற்புறுத்துவது இதனால்தான்.

எப்படிப் பழகுவது? டூ, மேக், டேக் என்று தலைப்புப் போட்டு வரும் பட்டியல்களை மனப்பாடம் பண்ணாதீர்கள். எழுதும்போது நம் மனதில் முதலில் வருவது பெயர்ச்சொல். பேமென்ட் என்று தோன்றிவிடும், அதற்கு எந்த வினை என்றுதான் திகைப்போம். ஆகவே நோட்டில் பெயர்ச்சொல்லை முதலில் எழுதி, வினையைப் பக்கத்தில் எழுதுங்கள். பேமென்ட்டுக்கு மேக், டெட்லைனுக்கு மீட், இன்வாய்ஸுக்கு ரெய்ஸ். நாம் பில் போடுகிறோம், அவர்கள் எழுப்புகிறார்கள். ஆங்கிலம் தாய்மொழியான பையர் யாராவது இருந்தால் அவருடைய பழைய மெயில்கள் உங்களிடமே கிடக்கும். தேடுகிற இடத்தில் ‘டெலிவரி’ என்று தட்டி, அவர் அந்தச் சொல்லுக்கு முன்னால் எதைப் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். உங்கள் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான புத்தகம் கிடையாது. அதிலும் கிடைக்காவிட்டால் ஆக்ஸ்ஃபோர்டு கலோகேஷன்ஸ் டிக்‌ஷனரி இருக்கிறது, முதற்பதிப்பு 2002. ‘டிசிஷன்’ என்று புரட்டினால் அதோடு சேரும் வினைகள் வரிசையாக இருக்கும். மேக் இருக்கும், டேக்கும் இருக்கும். டேக் எ டிசிஷன் என்பது பிரிட்டனில் வழங்குவது, அமெரிக்காவில் மேக் தான் வழக்கம். நாம் முடிவை எடுக்கிறோம் என்பதால் டேக் நமக்குத் தானாக வருகிறது, பிரிட்டிஷ் பையருக்கு அதையே தாராளமாக எழுதலாம்.

கடைசியாகத் தம்பியின் விஷயம். ‘ரைட் தி எக்ஸாம்’ தப்பு இல்லை. தேர்வு எழுதுகிறோம் என்பதால் நமக்கு அது வந்தது என்றாலும், கனடாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் அப்படிச் சொல்கிறார்கள். இந்தி பேசுகிறவர்கள் தேர்வைக் ‘கொடுக்கிறார்கள்’, அதனால் வடக்கே ‘கிவ் தி எக்ஸாம்’ கேட்கலாம். பிரிட்டனில் ‘சிட்’ உண்டு, ‘டேக்’கும் உண்டு. அமெரிக்காவில் ‘டேக்’ மட்டும்தான் எனலாம். ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங்கில் எந்த ஊர் எக்ஸாமினர் உட்கார்ந்திருப்பார் என்று முன்கூட்டித் தெரியாது, அதனால் அங்கே ‘டேக்’ என்றே சொல்லச் சொல்லுங்கள். அது எந்த ஊரிலும் செல்லும்.