மவுஸைத் தொட்டால் மதிப்புக் குறையுமா?

கேள்வி: மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது. கோட் எழுதுவது, கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டைக் கையாள்வது, டேட்டாபேஸ் பார்ப்பது எல்லாமே எனக்கு மவுஸும் மெனுவும்தான். டீமில் ஒரு சீனியர் எதையும் டெர்மினல் என்ற கருப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டித்தான் செய்வார். எல்லோர் முன்னாலும் என்னை 'கிளிக் இன்ஜினியர்' என்று கூப்பிடுகிறார். போன வாரம் விஎஸ் கோட் எடிட்டரில் 'சிங்க்' பட்டனை அமுக்கியதும் என் ஃபைல்களில் கண்டபடி குறிகள் வந்துவிட்டன. அவரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. இன்னொரு நாள் சர்வரில் ஒரு செட்டிங்கை மாற்றச் சொன்னார்கள். விஐ என்று ஏதோ திறந்தது. வெளியே வரத் தெரியாமல் ஜன்னலையே மூடிவிட்டேன். எல்எஸ், சிபி, கிரெப் என்ற பெயர்களைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு டெர்மினலுக்கு மாறித்தான் ஆக வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: எல்லாவற்றையும் விட வேண்டாம். சீனியரின் கிண்டல், சிங்க் பட்டன், சர்வர் என்று மூன்று தனித்தனித் தொல்லைகளை ஒரே மூட்டையாகக் கட்டி, 'எனக்கு டெர்மினல் வராது' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறீர்கள். மூட்டையைப் பிரித்தால் பாதி பாரம் இறங்கிவிடும்.

கிண்டலை முதலில் ஒதுக்கிவிடலாம். கருப்புத் திரைதான் மூத்த குடி, மவுஸ் பின்னால் வந்த சொகுசு என்று நினைப்பவர்கள் பலர். உங்கள் சீனியர் தட்டுகிற கட்டளைகளின் பூர்விகம் யூனிக்ஸ் என்ற இயங்குதளம். பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன் அதை எழுதத் தொடங்கியது 1969. டக்ளஸ் ஏங்கல்பார்ட் மவுஸைக் கையில் பிடித்துக் கூட்டத்தின் முன்னால் திரையில் வேலை செய்து காட்டியது 1968 டிசம்பர் 9. அதாவது அதற்கும் முன்னதாகவே! அப்புறம் 1973-இல் யூனிக்ஸுக்குள், ஒரு கட்டளை தருவதை அடுத்த கட்டளைக்கு அனுப்பும் பைப் வந்தது. அதே ஆண்டு ஜெராக்ஸ் ஆய்வகத்தில், படம் காட்டும் திரையும் மவுஸும் கொண்ட ஆல்ட்டோ கணினி ஓடத் தொடங்கியது. இரண்டும் ஏறக்குறைய ஒரே வயதுப் பிள்ளைகள். அவரிடம் இதைச் சொல்லிச் சண்டைக்குப் போக வேண்டாம், மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

பெயர்கள் தலை சுற்ற வைப்பதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை. அவை உருவான காலத்தில் பலருக்குத் திரையே கிடையாது. டெலிடைப் என்ற தட்டச்சுக் கருவி, விநாடிக்குப் பத்து எழுத்து வேகத்தில் காகிதத்தில் அடித்துக்கொண்டிருக்கும். அதன் விசைகளும் கல்லுமாதிரி. அந்த நிலைமையில் யாராக இருந்தாலும் இரண்டெழுத்துப் பெயர்தான் வைப்பார்கள். வேலை நல்லபடி முடிந்தால் கட்டளை ஒன்றுமே சொல்லாமல் இருப்பதும் அந்தக் காலத்துப் பழக்கம்தான். புதிதாக வருபவர்களுக்கு அந்த மௌனம் பயமாக இருக்கும். அது 'சரி, முடிந்தது' என்று அர்த்தம்.

இனி சிங்க் பட்டனுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் கவலைப்பட்ட இடம் இது ஒன்றுதான்.

கிட்டில் 'சிங்க்' என்று ஒரு கட்டளையே கிடையாது. அது எடிட்டர் வைத்த பெயர். அந்தப் பட்டன் இரண்டு வேலைகளை அடுத்தடுத்துச் செய்கிறது: முதலில் புல், அதாவது மற்றவர்கள் அனுப்பிய மாற்றங்களைக் கீழே இறக்கி உங்களுடையதோடு இணைப்பது. பிறகு புஷ், உங்களுடையதை மேலே அனுப்புவது. நீங்களும் இன்னொருவரும் ஒரே வரியை மாற்றியிருந்தால் முதல் வேலையிலேயே மோதல் வந்து நின்றுவிடும். நீங்கள் பார்த்த குறிகள், 'இந்த இடத்தில் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள், எது வேண்டும் என்று நீயே சொல்' என்று கிட் போட்டுவைத்த எல்லைக்கோடுகள். எதுவும் கெட்டுப்போகவில்லை. உங்களுக்கு எது இடித்ததென்றால், பட்டனில் இருந்தது எடிட்டரின் மொழி, பிழை வந்தபோது பேசியது கிட்டின் மொழி. இரண்டையும் இணைத்துப் பார்க்கிற பாலம் உங்களிடம் இல்லை.

இதற்கு மவுஸைத் தூக்கிப் போடத் தேவையில்லை. விஎஸ் கோடில் 'அவுட்புட்' பகுதியைத் திறந்து, அங்கே 'கிட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் ஒவ்வொரு பட்டனை அமுக்கும்போதும் பின்னால் எந்தக் கிட் கட்டளை ஓடுகிறது என்பது வரிவரியாக அதில் வரும். இரண்டு வாரம் அதை ஓரத்தில் திறந்தே வைத்திருங்கள். அமுக்குவதற்கு முன்னால் 'இப்போது என்ன வரி வரும்?' என்று மனதுக்குள் ஊகித்துவிட்டு அமுக்குங்கள். ஊகம் சரியாக வரத் தொடங்கிவிட்டால், அதற்கு மேல் நீங்கள் பட்டனை அமுக்கினாலும் தட்டினாலும் எனக்குக் கவலை இல்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இணையத்தில் பார்த்ததையோ, செயற்கை நுண்ணறிவு உதவியாளர் எழுதிக் கொடுத்ததையோ அப்படியே எடுத்து டெர்மினலில் ஒட்டி என்டர் தட்டுபவர்கள் இப்போது நிறைய. அதுவும் பெயர் எழுதாத பட்டனை அமுக்குவதுதான். திரை கருப்பாக இருப்பதால் மட்டும் அது அறிவாகிவிடாது.

சரி, எங்கே தட்டுவது, எங்கே கிளிக் செய்வது? நான் வைத்திருக்கிற அளவுகோல் ரொம்ப எளிது. ஒரு வேலையை இரண்டாவது முறை செய்யப்போகிறேனா என்று கேட்டுக்கொள்வேன். ஆம் என்றால் கட்டளை வரி.

உதாரணத்துக்கு, போன வாரம் எந்தப் பிழை எத்தனை முறை வந்தது என்று உங்கள் மேலாளர் கேட்கிறார், நிரல் தனக்கு நடப்பதை எழுதிவைக்கும் லாக் ஃபைல் பல லட்சம் வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எடிட்டரில் திறந்தால் அதற்கே மூச்சு முட்டும். டெர்மினலில் கிரெப் பிழை உள்ள வரிகளை மட்டும் பொறுக்கும். அதைப் பைப் வழியாக 'கட்' என்ற கட்டளைக்கு அனுப்பினால், வரியின் தொடக்கத்தில் இருக்கும் நேரத்தை அது வெட்டி எறியும். இதை மறந்தால் ஒவ்வொரு வரியும் வேறு வேறாகத் தெரிந்து கணக்கே வராது. அப்புறம் சார்ட் வரிசைப்படுத்தும். யூனிக் ஒரே மாதிரி வரிகளைச் சேர்த்து எண்ணும். அருகருகே இருப்பதைத்தான் அது சேர்க்கும், அதனால்தான் முன்னால் சார்ட் வேண்டியிருக்கிறது. கடைசியில் இன்னொரு சார்ட், பெரிய எண் மேலே வர. ஐந்து சின்னச் சின்னக் கருவிகள். ஒன்றுக்கு மற்றொன்றைத் தெரியாது. ஒன்று கக்குவதை அடுத்தது விழுங்குகிறது, அவ்வளவுதான்.

பைப் என்ற எண்ணத்துக்குச் சொந்தக்காரரான டக் மெக்கில்ராய் 1986-இல் செய்த ஒரு காரியம் எங்கள் தொழிலில் இன்றும் பேசப்படுகிறது. ஒரு கட்டுரையில் எந்தச் சொல் அதிகம் வருகிறது என்று கண்டுபிடிக்க டொனால்ட் நுத் பல பக்கத்துக்கு அருமையான நிரல் ஒன்றை எழுதினார். அதை மதிப்பிட வந்த மெக்கில்ராய், அதே வேலையை ஆறு கட்டளைகளைப் பைப்பில் கோத்துச் செய்து காட்டினார். நுத்துக்கு அது கொஞ்சம் அநியாயம் என்பது என் எண்ணம். நிரலை எப்படி விளக்கி எழுதுவது என்று காட்டத்தான் அவரைக் கேட்டிருந்தார்கள். ஆனாலும் அந்த ஆறு கட்டளைகளைப் பார்த்த பிறகு பைப்பை யாரும் மறக்க மாட்டார்கள்.

அடுத்த வாரம் மேலாளர் அதே கேள்வியைக் கேட்பார். மேல் அம்புக்குறியைத் தட்டினால் அந்த வரி திரும்ப வரும். ஒரு ஃபைலில் சேமித்தால் அதுவே ஸ்கிரிப்ட். சக ஊழியர் கேட்டால் சாட்டில் அந்த வரியை அனுப்பினால் போதும். மவுஸால் செய்ததைச் சொல்லிக் கொடுக்க எத்தனை ஸ்கிரீன்ஷாட், எத்தனை சிவப்பு வட்டம்! அடுத்த வெர்ஷனில் பட்டன் இடம் மாறியிருந்தால் அத்தனையும் வீண். கிரெப் என்ற பெயரோ 1973 முதல் மாறவில்லை.

கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க வேண்டிய வேலை என்றால் நான் ஜன்னல் பக்கம். உங்களுக்கு வந்ததே மோதல், அதைத் தீர்க்க மூன்று பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைப் போல வசதி வேறு இல்லை. பிழை தேட உதவும் டீபக்கரும் அப்படித்தான். ஒரு வரியில் நிறுத்தி, அந்த நேரத்தில் எந்த மாறிக்கு என்ன மதிப்பு என்று முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க முடிவது சின்ன விஷயம் இல்லை. முன்பின் தெரியாத டேட்டாபேஸில் நுழையும்போது டேபிள்களை வரைபடமாகப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் பிடிபடும். அதோடு மெனு இருந்தால், என்னவெல்லாம் செய்ய முடியும் என்று அதுவே காட்டிவிடும். கருப்புத் திரையில் கர்சர் சும்மா கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். என்ன கேட்கலாம் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அது பதில் சொல்லும். கிட்டோடு கூடவே 'கிட்கே' என்று வரலாற்றைப் படமாகக் காட்டும் ஜன்னல் கருவி ஒன்றும் வருகிறது. உங்கள் சீனியரின் கணினியிலும் அநேகமாக இருக்கும்.

டெர்மினலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சொன்னதைச் செய்யும், கேள்வி கேட்காது. பல வருடங்களுக்கு முன் பழைய லாக் ஃபைல்களை அழிக்கப் போனேன். ஃபைல் பெயரின் முதல் பாதிக்கும் நட்சத்திரக் குறிக்கும் நடுவில் என் கட்டைவிரல் ஓர் இடைவெளியைத் தட்டிவிட்டது. நட்சத்திரம் தனியாக நின்றால் 'இங்கே உள்ள எல்லாம்' என்று அர்த்தம். அழிக்கும் கட்டளையான ஆர்எம் வழக்கம்போல மௌனமாக வேலையை முடித்தது. அன்று இரவு முழுக்க பேக்கப்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். எனக்காவது பேக்கப் இருந்தது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், இரண்டு டேட்டாபேஸ் சர்வர்களில் எதில் இருக்கிறோம் என்பது மாறிப்போய், முதன்மை சர்வரின் தரவை அழித்துவிட்டார். பேக்கப்புகள் சரியாக ஓடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சுமார் ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். அந்த நிறுவனமே இதை ஒளிக்காமல் எழுதி வெளியிட்டது.

இரண்டு சர்வரும் திறந்திருந்தால் இரண்டு ஜன்னலும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் என்பதுதான் ஆபத்து. எனவே உண்மையான வாடிக்கையாளர் தரவு இருக்கும் சர்வரின் பிராம்ப்டை, அதாவது நீங்கள் தட்டும் வரியின் தொடக்கத்தில் தெரியும் எழுத்தை, சிவப்பு நிறமாக்கிவிடச் சொல்லுங்கள். அழிக்கும் கட்டளைக்கு முன்னால், ஆர்எம் இருக்கும் இடத்தில், ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் போட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். என்னென்ன அழியப்போகிறது என்ற பட்டியல் வந்துவிடும். இந்த மாதிரி விஷயத்தில் ஜன்னல் கருவிகள் கொஞ்சம் கரிசனமானவை. மைஎஸ்க்யூஎல் ஒர்க்பெஞ்ச், எந்த வரிசை என்று நிபந்தனை சொல்லாமல் டெலீட் கொடுத்தால், நீங்களாக அமைப்பை மாற்றாதவரை மறுத்துவிடும். கிட்டைப் பற்றி மட்டும் அதிகம் பயப்பட வேண்டாம். ஒரு முறை கமிட் செய்தது, அதாவது கிட்டில் பதிந்தது, கண்ணுக்குத் தெரியாமல் போனாலும், வழக்கமான அமைப்பில் 30 நாளாவது ரெஃப்லாக் என்ற கிட்டின் குறிப்பேட்டில் இருக்கும். கமிட் செய்யாததைத் தூக்கி எறிந்தால்தான் வம்பு. அதைப் பட்டனால் எறிந்தாலும் கட்டளையால் எறிந்தாலும் ஒன்றுதான்.

சர்வர் விஷயத்தில் உங்களுக்கு வேறு வழி இல்லை. பெரும்பாலான சர்வர்களில் ஜன்னல் மென்பொருளே நிறுவியிருக்காது. தொலைவிலிருந்து சர்வருக்குள் போக உதவும் எஸ்எஸ்எச் வழியாக நுழைந்தால் கருப்புத் திரைதான் வரவேற்கும். அதற்காக ஒரு மாதம் ஒதுக்குங்கள். ஃபோல்டர்களுக்குள் போய் வருவது, ஃபைலைத் திறக்காமல் படிப்பது, கிரெப், பைப், இவ்வளவு போதும். பெயரை முழுதாகத் தட்டாதீர்கள், இரண்டெழுத்து தட்டி டேப் விசையை அமுக்குங்கள். முன்பு தட்டியதைத் தேட கன்ட்ரோலும் ஆர் விசையும். டெர்மினலில் இந்த இரண்டு பழக்கம்தான் பயத்தைப் போக்கும். 'ஆக்', 'செட்' போன்ற மற்றக் கட்டளைகள் எல்லாம் தேவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம். பயிற்சியை உங்கள் சொந்தக் கணினியில் ஒரு வெற்று ஃபோல்டரில் செய்யுங்கள், சர்வரில் வேண்டாம்.

'கிளிக் இன்ஜினியர்' என்று அடுத்த முறை அவர் கூப்பிட்டால், உங்கள் லாக் கணக்கைச் செய்ய ஒரு வரி எழுதித் தரும்படி கேளுங்கள். இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. டெர்மினல் பிரியர்களுக்குத் தங்கள் வரிகளைக் காட்டிக்கொள்வதில் தனி ஆனந்தம். அவர் விளக்கும்போது நான்கு விஷயம் உங்களுக்குக் கிடைக்கும், கிண்டலும் குறையும். குறையவில்லை என்றால் அது கருவியைப் பற்றிய பிரச்சினையே இல்லை. எல்லோர் முன்னாலும் அப்படிக் கூப்பிடுவது பிடிக்கவில்லை என்று நேரடியாகச் சொல்லுங்கள், அதன் பிறகும் நீடித்தால் மேலாளரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், அந்த விஐ. அதுவும் ஓர் எடிட்டர்தான். ஜன்னலை மூடியபோது அதில் ஏதாவது மாற்றியிருந்தால், அடுத்த முறை அதே ஃபைலைத் திறக்கையில் ஸ்வாப் ஃபைல் (சேமிக்காத மாற்றத்தின் தற்காலிகப் பிரதி) இருப்பதாக ஒரு நீண்ட எச்சரிக்கை வரலாம். பதற வேண்டாம், நீங்கள் அன்று விட்டுப்போன மாற்றம்தான். வெளியே வர: எஸ்கேப் விசை, முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். மாற்றியதைச் சேமித்துவிட்டு வர வேண்டுமானால் க்யூவுக்கு முன்னால் ஒரு டபிள்யூ சேர்த்து, ஆச்சரியக்குறியை விட்டுவிடுங்கள்.