உணவியல் வல்லுநர் இருக்கும்போது, தாதியரும் மருத்துவர்களும் ஊட்டச்சத்து ஆய்வைக் கற்க வேண்டுமா?

கட்டாயம் கற்க வேண்டும் என்பதே என் பதில். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பல ஆண்டுகளாகத் தாதியாகப் பணியாற்றுகிறேன். எங்களிடம் வரும் முதியவர்களில் பலர் தோட்டத்தில் பிறந்து, பால்மரம் சீவியே பிள்ளைகளை வளர்த்தவர்கள். ஒருவரை உணவியல் வல்லுநரிடம் அனுப்பலாமா என்று முடிவெடுப்பவர், அவரை முதலில் பார்க்கும் தாதியோ மருத்துவரோதான். எதைக் கவனிக்க வேண்டும் என்பது அவருக்கே தெரியாவிட்டால், நோயாளி அந்த அறை வரை போய்ச் சேர்வதே இல்லை.

இதை எனக்குக் கற்பித்தவர் இனிப்பு நீர் (நீரிழிவு) நோய் உள்ள ஒரு பாட்டி. ஒவ்வொரு முறையும் அவருடைய இரத்தச் சர்க்கரை அளவு குறைந்திருந்ததால், நாங்கள் அனைவரும் அவரைப் பாராட்டி அனுப்பினோம். ஒருநாள், விடியற்காலையில் உடம்பு வியர்த்துக் கொட்டுவதாக அவர் சொன்ன பிறகே, பழைய அட்டையைப் புரட்டினேன். எடையைக் குறைக்க முயலாத அவர், 5 மாதங்களில் 52 கிலோவிலிருந்து 45 கிலோவுக்கு இறங்கியிருந்தார். "நேத்து முழுக்க என்ன சாப்பிட்டீங்க பாட்டி?" என்று கேட்டேன். "கஞ்சியும் ஊறுகாயும்தான்மா. சோத்தைக் குறைக்கச் சொன்னீங்களே" என்றார். உணவு குறைந்திருக்க, சர்க்கரையைக் குறைக்கும் கிளிக்லசைட் மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே தொடர்ந்திருக்கிறது. சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கியதால்தான் அந்த வியர்வை. 'மஸ்ட்' என்னும் ஊட்டக்குறைவுச் சோதனையில், 3 முதல் 6 மாதங்களுக்குள் தானாகவே 10 விழுக்காட்டுக்கு மேல் எடை குறைந்திருந்தால், அது ஒன்றே ஒருவரை அதிக ஆபத்துப் பிரிவில் சேர்க்கப் போதும். பாட்டி இழந்திருந்ததோ 13 விழுக்காடு. பார்ப்பதற்கு அவர் மெலிந்தவராகத் தெரியாததால், எங்களில் எவருக்கும் சந்தேகம் எழவில்லை. அந்தத் தவறில் எனக்கும் பங்குண்டு.

ஊட்டச்சத்துத் துறையின் முக்கியமான ஆய்வுகளில் ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது என்பதைத் தாதியர் பலர் அறிந்திருக்கவில்லை. நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோய் சயாம் வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்களை வாட்டியபோது, புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களிடம் அரிதாகவே காணப்பட்டதை, நெகிரி செம்பிலானில் பணிபுரிந்த மருத்துவர் பிராடன் கவனித்தார். அரிசியில் ஏதோ நஞ்சு இருப்பதாக அவர் தவறாகக் கருதினாலும், அரிசியைச் சுட்டிக்காட்டியது சரியாகவே இருந்தது. 1905 இறுதியில் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் மருத்துவர் பிளெட்சர் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்து, ஒற்றைப்படை எண்ணினருக்கு வெள்ளை அரிசியும் இரட்டைப்படை எண்ணினருக்கு இந்தியப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். மற்ற உணவுகள் இரு பிரிவினருக்கும் ஒன்றே. வெள்ளை அரிசிப் பிரிவில் பலர் நோயுற்றனர், சிலர் இறந்தனர். புழுங்கல் அரிசிப் பிரிவில் அந்நோயால் எவரும் இறக்கவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கித் தங்குவதே இதற்குக் காரணம் என்பது பிற்காலத்தில் தெளிவானது. நம் முன்னோர் கப்பலேறி வந்தபோது உடன்கொண்டு வந்த சமையல் பழக்கம் அவர்களைக் காத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது.

ஆகவே, உயிர்ச்சத்துப் பட்டியல்களை மனப்பாடம் செய்வதைவிட, ஓர் ஆய்வில் யாரை யாரோடு ஒப்பிட்டார்கள், எது மட்டும் மாற்றப்பட்டது என்று கேட்கும் பழக்கத்தையே பயிற்சிகள் முதலில் தர வேண்டும் என்பேன். அத்துடன், முந்தைய நாள் உணவைக் கிண்ணக் கணக்கில் கேட்டறிவதையும் பழக்க வேண்டும். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது இறைச்சி, பாதி காய்கறியும் பழமும் என்று காட்டும் 'சுக்கு சுக்கு செபாரோ' (கால், கால், பாதி) தட்டுப் படம் எங்கள் சுவரிலும் இருக்கிறது. ஆனால் பாதித் தட்டுக்குக் காய்கறி வாங்க முடியாதவரிடம் அடுத்து என்ன சொல்வது என்பதைப் படம் சொல்லாது.

அந்தப் பாட்டிக்கு மருத்துவர் மாத்திரையைக் குறைத்தார். உணவியல் வல்லுநரின் யோசனைப்படி, கஞ்சியோடு முட்டையும் பருப்பும் நெத்திலியும் சேர்ந்தன. இப்போது அவர் வரும்போது, சர்க்கரை அளவைப் பார்ப்பதற்கு முன்பு எடையைக் குறித்து, அதைச் சென்ற மாத எடையோடு ஒப்பிடுகிறோம்.